தந்தையாரின் கரி வாயுப் பட்டறை

இரண்டாவது உலக யுத்தத்தின் நடுவருஷங்களில் மதுரை, ராமநாதபுரம் ஜில்லாக்களில் பஸ் பிரயாணம் செய்தவர்களுக்கு, பின்புறத்தில் ஆள் உயர இரும்புக் கலம் ஒன்றைச் சுமந்துகொண்டு, மேட்டைக் கண்டால் தயங்கியும் இறக்கத்தைக் கண்டால் உற்சாகம் கொண்டும் ஓடிய 'கரி பஸ்' நினைவிருக்கும். பெட்ரோல் அரிதாகிவிட்ட அந்த நாளில், அடுப்புக் கரியை ஒரு கலத்தில் இட்டுக் கனலச் செய்து, அதிலிருந்து கிடைக்கும் வாயுவைக் கொண்டே மோட்டார் எஞ்சினை ஓட்டினார்கள். அத்தகைய வாயுக் கலங்களை அருப்புக்கோட்டையில் ஒரு சிறு பட்டறையில் செய்து கொடுத்தவர் என் தந்தையார். தேவை பிறந்தபோது பிறந்து, தேவை மறைந்தபோது மறைந்துபோன தொழில் அது. ஆயினும் ஒரு சாமானிய எஞ்சின் மேஸ்திரியின் அறிவும், அந்த ஊர்க் குயவர், நெசவாளர், கரிமூட்டக்காரர் ஆகியோரின் கைத்திறனும் ஒன்றுசேர்ந்து எவ்வளவு பெரிய காரியத்தைச் சாதித்தன என்பதை விவரமாகச் சொல்லிவைக்க வேண்டும் என்ற ஆசை எனக்கு வெகுநாளாக உண்டு.

யுத்தம் 1939இல் தொடங்கியபோது எங்கள் பக்கத்துச் சாலைகளில் அதன் பாதிப்பு உடனே தெரியவில்லை. 1941இல் பெட்ரோலுக்கு ரேஷன் வந்து, வண்டிக்கு இவ்வளவு என்று கூப்பன் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்கு அடுத்த வருஷம் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்துக்கொண்டார்கள். பர்மாவின் பெரிய எண்ணெய் வயலான யேனாங்யாங்கில் இருந்த கிணறுகளையும் யந்திரங்களையும், பகைவர் கைக்குப் போய்விடக் கூடாது என்று, 1942 ஏப்ரலில் ஆங்கிலேயரே அழித்துவிட்டுப் பின்வாங்கினார்கள். அஸ்ஸாமில் டிக்பாயிலும் பஞ்சாபில் அட்டோக் பக்கத்திலும் கிடைத்த எண்ணெய் இந்தியாவின் தேவைக்குக் கொஞ்சமும் காணாது. கப்பலில் வந்து சேர்ந்ததோ முதலில் பட்டாளத்துக்குப் போயிற்று. ஊர் பஸ்ஸுக்குக் கிடைத்த கூப்பனைக் கொண்டு நாளுக்கு ஒரு நடை ஓட்டுவதே பிரயாசையாகிவிட்டது.

ரயில் உள்ள ஊர்கள் இதை எப்படியோ சமாளித்தன. அருப்புக்கோட்டைக்கு அந்த வசதி இல்லை. விருதுநகரையும் மானாமதுரையையும் இணைத்துக்கொண்டு ரயில் அங்கே வந்தது 1960களில்தான். அதுவரையில் பக்கத்து ரயில் நிலையம் என்றால் விருதுநகர். நெசவாளருக்கு வேண்டிய நூல் கட்டு வருவதற்கும், நெய்த சேலைகள் வெளியூர் போவதற்கும், கரிசல் காட்டு மிளகாயும் பருத்தியும் சந்தைக்குச் சேர்வதற்கும், பிரசவ வேதனைப்படும் பெண்ணை மதுரைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்கும் சாலையைத் தவிர வேறு கதி கிடையாது. பஸ் நின்றால் தறியும் நிற்கும் என்பது அந்த ஊரில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. என் தந்தையார் இந்தத் தொழிலில் இறங்கியதற்கு லாப நோக்கம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய காரணம் இந்த நிர்ப்பந்தமே.

அவர் விருதுநகரில் ஒரு பஞ்சு அரைக்கும் ஆலையில் எஞ்சின் மேஸ்திரியாக வேலை பார்த்தவர். மின்சாரம் பரவுவதற்கு முன்பு நம் நாட்டு அரிசி ஆலைகளிலும் பருத்தி ஆலைகளிலும் 'சக்ஷன் கேஸ்' எஞ்சின்கள் வழக்கத்தில் இருந்தன. எஞ்சினுக்குப் பக்கத்தில் செங்கல்லும் இரும்பும் கொண்டு அமைத்த ஒரு கலத்தில் கரி கனன்றுகொண்டிருக்கும். எஞ்சின் தன் உறிஞ்சும் சக்தியாலேயே அதன் வழியாகக் காற்றை இழுத்து, வேண்டிய வாயுவைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்தக் கலத்தைப் பல வருஷம் பராமரித்தவர் தந்தையார். ஆகையால், கரியால் வண்டி ஓடும் என்று பத்திரிகைகளில் செய்தி வந்தபோது ஊரார் அடைந்த வியப்பை அவர் அடையவில்லை. ஆலையில் அசையாமல் நிற்கும் ஒன்றை ஓடும் வண்டியின் முதுகில் ஏற்றவேண்டும், கனத்தைக் குறைக்கவேண்டும், குலுக்கலைத் தாங்கும்படி செய்யவேண்டும், அவருக்குப் பட்ட சிக்கல் அவ்வளவுதான். வண்டி ஓடாமல் வீட்டு வாசலில் நிறுத்தியிருந்த ஒரு பஸ் முதலாளி வந்து, "மேஸ்திரி, கரியில பஸ் ஓடும்ங்கிறாகளே, நெசந்தானா?" என்று கேட்டாராம். "ஓடும் முதலாளி. மேட்டுல மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கிடணும்" என்று தந்தையார் பதில் சொன்னார். அந்தப் பேச்சிலேயே தொழிலும் தொடங்கிவிட்டது.

கரி எப்படி வாயுவாகிறது என்பதைச் சிறிது விளக்கவேண்டும். காற்று தாராளமாகக் கிடைத்தால் கரி முழுவதும் எரிந்து கரியமில வாயுவாகிவிடும். அந்த வாயு மேற்கொண்டு எரியாது, எஞ்சினுக்கும் பிரயோஜனப்படாது. ஆகவே காற்றை ஒரு குறுகிய குழல் வழியாக அளவோடு உள்ளே விடுகிறார்கள். குழலின் வாயருகே கரி வெண்ணிறமாகக் கனலும். அங்கே உண்டாகும் கரியமில வாயு, அதற்கு அப்பால் செந்தணலாக இருக்கும் கரியின் ஊடே செல்லும்போது, அந்தக் கரியிலிருந்து இன்னும் ஒரு பங்கு கார்பனைச் சேர்த்துக்கொண்டு கார்பன் மானாக்ஸைடாக மாறுகிறது. இது எரியக்கூடிய வாயு. காற்றோடு சிறிது நீராவியும் சேர்ந்து போனால், தணலில் பட்டு அது பிரிந்து, ஹைட்ரஜனும் கிடைக்கும். இவ்விரண்டுமே எஞ்சினுக்குள் எரிந்து வேலை செய்கின்றன. காற்றிலுள்ள நைட்ரஜன் மட்டும் எதிலும் சேராமல் கூடவே வந்து, கிடைக்கும் வாயுவில் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொள்கிறது. கரி வாயுவில் ஓடும் எஞ்சின் பெட்ரோலில் தந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கையோ, சில சமயம் பாதியையோ இழந்துவிடுவதற்கு முக்கிய காரணம் இதுதான். முதலாளியை மேட்டில் பொறுத்துக்கொள்ளச் சொன்னதும் அதனால்தான்.

தத்துவம் எளிது; செய்துமுடிப்பதுதான் கஷ்டம். யுத்த காலத்தில் இரும்புக்கும் கட்டுப்பாடு இருந்தமையால் புதுத் தகடு வாங்குவது துர்லபம். தந்தையார் பழைய எண்ணெய்ப் பீப்பாய்களை விலைக்கு வாங்கி, அவற்றை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, ரிவெட் அடித்துக் கலமாக்கினார். தணலின் உக்கிரத்தில் வெறும் தகடு நிற்காது என்பதால் உட்புறத்துக்கு மண் பூச்சு வேண்டும். ஆலைகளில் அதற்கென்று வரவழைக்கும் நெருப்புச் செங்கல் அப்போது கிடைக்கவில்லை. ஊர்க் குயவர் ஒருவரை அழைத்துவந்து, சூளையின் உள்வாயில் எந்த மண் வெடிக்காமல் நிற்கிறது என்று கேட்டு, அந்த மண்ணோடு பழைய ஓட்டை இடித்துச் சலித்த தூளும் உமிச் சாம்பலும் கலந்து, பல விதமாகப் பதம் பார்த்தார்கள். குயவர் சாம்பலைக் குறைக்கச் சொல்லுவார். தந்தையார் கூட்டச் சொல்லுவார். இருவரும் ஒரு வில்லையைச் சுட்டுப் பார்த்து, விரிசலை விரலால் தடவி, மறுபடியும் பிசைவார்கள். கடைசியில் நின்றது குயவருடைய அளவுதான்.

காற்றுக் குழல் இன்னும் பெரிய சோதனையாக இருந்தது. கலத்தின் மிகக் கடுமையான சூடு அதன் முனையில்தான். சாதாரண இரும்புக் குழல் சில நடைகளுக்குள் உருகிச் சிதைந்துவிடும். உயர்ந்த ரக எஃகு கிடைக்காத நிலைமையில், குழலைச் சுற்றி இன்னொரு குழலைப் பொருத்தி, இரண்டுக்கும் நடுவே தண்ணீர் ஓடும்படி செய்து, அந்தத் தண்ணீரின் சூட்டில் கிளம்பும் ஆவியைச் சிறு கம்பிக் குழாய் வழியாகக் காற்றோடு சேர்த்துவிட்டார் தந்தையார். குழலும் தப்பிற்று, ஹைட்ரஜனுக்கு வேண்டிய நீராவியும் செலவின்றிக் கிடைத்தது. தண்ணீரால் குளிர்விக்கும் குழல்கள் ஐரோப்பாவிலும் வழக்கத்தில் இருந்தன என்பதைப் பிற்காலத்தில் நான் படித்துத் தெரிந்துகொண்டேன். அருப்புக்கோட்டைப் பட்டறையில் அதே முடிவுக்கு அவர் வந்தது எந்தப் புத்தகத்தையும் பார்த்து அல்ல என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. ஆங்கிலத்தில் அவருக்குப் பாகங்களின் பெயர்தான் தெரியும்.

எல்லாவற்றிலும் அவர் பெருமையாக நினைத்தது வடிகட்டியைத்தான். கலத்திலிருந்து வரும் வாயுவோடு சாம்பலும் கரித்தூளும் வரும். அது எஞ்சினுக்குள் போனால் பிஸ்டனும் சிலிண்டரும் அரத்தால் ராவியதுபோலத் தேய்ந்துவிடும். வாயுவை முதலில் ஒரு கூம்புக்குள் சுழலவிட்டுக் கனமான தூளைக் கீழே விழச் செய்து, பிறகு வண்டியின் அடியில் நீளமாக ஓடிய குழாய்களில் ஆறவிட்டு, அதற்கப்புறம் தேங்காய் நார் அடைத்த பெட்டியில் புகுத்தினார். நாரையும் தாண்டிவந்த மென்தூளைப் பிடிக்கத் துணி வேண்டியிருந்தது. துணிக்கும் அப்போது தட்டுப்பாடு. நெசவாளர் தெருவில் பாவு அறுத்த கழிவு நூல் கூடை கூடையாகக் கிடந்தது. அதை மெத்தைபோலத் திணித்துத் தைத்த பைகளை அடுக்கடுக்காக வைத்தபோது, மறுபுறம் பிடித்த வெள்ளைத் துணி மங்காமல் இருந்தது. வாயு நன்றாக ஆறாமல் வந்தால் நூல் கருகும். அளவுக்கு மீறி ஆறினால் ஈரம் கோத்துப் பை அடைத்துக்கொள்ளும். ஆகவே வண்டிக்கு இரண்டு ஜதைப் பைகள் கொடுத்து, ஒன்று ஓடும்போது மற்றொன்றை வெயிலில் காயப்போடும்படி ஏற்பாடு செய்தார். எங்கள் வீட்டுக் கொல்லையில் என் தாயார் உலர்த்தியவற்றுள் பாதி இந்தக் கரிப் பைகள்தான்.

காலையில் ஒரு கரி பஸ்ஸைக் கிளப்புவது எவ்வளவு பெரிய வேலை என்பது இன்று சாவியைத் திருப்பி வண்டி ஓட்டுகிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. முதல் நடைக்கு வெகு முன்பாகவே கிளீனர் வந்து, முந்தின நாளின் சாம்பலையும் கட்டிதட்டிய கசடையும் கிளறி எடுத்து, புதுக் கரி போட்டு, எண்ணெய்த் துணியைக் கொளுத்திக் குழலருகே காட்டுவான். பிறகு கைச்சுற்றுத் துருத்தியைச் சுழற்றத் தொடங்குவான். ஆரம்பத்தில் வருவது வெறும் வெள்ளைப் புகை. சுற்றச் சுற்றப் புகை மெலிந்து, கடைசியில் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும்; அப்போதுதான் வாயு பிறந்திருக்கிறது என்று அர்த்தம். சோதனைக் குழாயின் வாயில் தீக்குச்சியைக் காட்டினால், மஞ்சளாகத் துடித்து அணைந்தால் இன்னும் சுற்றவேண்டும். நீலச் சுடராக நிதானித்து நின்றால் டிரைவரைக் கூப்பிடலாம். கூப்பனில் கிடைத்த பெட்ரோலில் கொஞ்சத்தைச் செலவழித்து எஞ்சினைக் கிளப்பி, அது சூடேறியதும் மெல்ல வாயுவுக்கு மாற்றுவார்கள். கரி வாயு பெட்ரோலைவிட நிதானமாக எரிவதால், மின்பொறி சற்று முந்தியே விழும்படி திருப்பிவைக்கவேண்டும். இதில் கை பழகிய டிரைவருக்கு அந்தக் காலத்தில் தனி மரியாதையே இருந்தது.

இந்த வாயுவில் பெரிய அபாயமும் இருந்தது. அதை மறைத்து இந்தத் தொழிலைப் புகழ்வது தர்மமல்ல. கார்பன் மானாக்ஸைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. அது மூச்சோடு உள்ளே போனால், பிராணவாயுவைச் சுமக்கவேண்டிய இரத்தத்தின் செம்பொருளோடு பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் பற்றுதலாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, மயக்கம், அதைக் கவனியாது விட்டால் மரணம். எஞ்சின் ஓடும்போது அது வாயுவை உள்ளுக்கு இழுத்துக்கொண்டே இருப்பதால், எங்காவது ஓட்டை இருந்தாலும் காற்றுத்தான் உள்ளே போகுமே ஒழிய வாயு வெளியே கசியாது. துருத்தி சுற்றும்போதும், வண்டியை நிறுத்தியபின் தணல் ஆறாதிருக்கும்போதும்தான் ஆபத்து. ஆகையால் கலத்தை எந்தக் காரணத்தை முன்னிட்டும் பயணிகள் பக்கம் வைக்கமாட்டேன் என்று தந்தையார் பிடிவாதமாக இருந்தார். ஓட்டு ஷெட்டுக்குள் நிறுத்திக்கொண்டே தீ மூட்டிப் பழகிய ஒரு முதலாளியிடம், அந்தப் பழக்கத்தை விட்டால்தான் வேலை செய்து தருவேன் என்று சொல்லி, முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மூடியைத் திறந்து கரி போடும்போது முகத்தை எட்ட வைத்துக்கொள்ளவேண்டும், திறந்தவுடன் ஒரு தீக்கொழுந்து எழும் என்பதை ஒவ்வொரு கிளீனருக்கும் அவரே செய்து காட்டினார். பட்டறைக் கணக்கில் இந்த நேரத்துக்குக் கூலி கிடையாது.

கரி விஷயத்திலும் விதி உண்டு. நன்றாக வேகாத கரியில் தார் இருக்கும். அந்தத் தார் வால்வுகளில் ஒட்டிக்கொண்டு எஞ்சினை முடக்கிவிடும். எங்கள் சீமையில் கண்மாய்களுக்குள் வளர்ந்த கருவேல மரம் இதற்கு வெகு ஏற்றது. கனமான, சாம்பல் குறைந்த, தட்டினால் கணீரென்று ஒலிக்கும் கரி அதில் கிடைக்கும். மூட்டம் போடுகிறவர்கள் அவசரப்பட்டுப் பிரித்தால் கரி பாதி வெந்து நிற்கும் என்பதால், தந்தையார் மூட்டத்துக்கே போய் நின்று வாங்கிவருவார். பட்டறை வாசலில் பெண்கள் அதை நெல்லிக்காய்ப் பருமனுக்கு உடைத்து, தூளைச் சல்லடையில் சலித்துத் தள்ளுவார்கள். அவர்களுக்குக் கூலி பட்டுவாடா செய்ததும், எந்த மூட்டத்துக் கரி எந்த வண்டிக்குப் போயிற்று என்று எழுதிவைத்ததும் என் தாயார். ஒரு வண்டி மக்கர் செய்தால் அந்தக் கணக்கைப் புரட்டிக் கரியின் மீது குற்றமா, கலத்தின் மீது குற்றமா என்று சொல்லிவிடுவார். ஒரு காலன் பெட்ரோல் செய்யும் வேலையைச் செய்வதற்குச் சுமார் பதினாலு ராத்தல் கரி வேண்டியிருந்தது. அந்தக் கரியோ, கூப்பன் இல்லாமல் நம் கண்மாயிலேயே கிடைத்தது.

இது எங்கள் ஊரோடு நின்ற விந்தை என்று எண்ணக் கூடாது. மதுரையில் டி.வி.எஸ். நிறுவனத்தார் வாயுக் கலங்களைப் பெரிய அளவில் தயாரித்தார்கள். ஐரோப்பாவில் ழார்ஜ் இம்பெர் என்ற பிரெஞ்சு ரசாயன நிபுணர் விறகையே நேராகப் போட்டு ஓட்டும் கலத்தை 1920களிலேயே வகுத்திருந்தார். யுத்த காலத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், ஸ்வீடன் முதலிய தேசங்களில் லட்சக்கணக்கான வண்டிகள் விறகிலும் கரியிலும் ஓடின. பெரிய தொழிற்சாலைகளின் கலங்களோடு ஒப்பிட்டால் என் தந்தையாருடையது பார்வைக்கு அழகில்லாத பண்டம். ஆனால் அதன் ஒவ்வொரு பாகமும் இருபது மைல் சுற்றளவுக்குள் கிடைக்கும் பொருளால் ஆனது. வழியில் பழுதுபட்டால் எந்த ஊர்க் கொல்லரும் சரிசெய்துவிடலாம். கரிசல் காட்டுச் சாலையில் நின்றுபோன வண்டிக்கு இதைவிடச் சிறந்த குணம் வேறு என்ன வேண்டும்?

யுத்தம் 1945இல் முடிந்தது. பெட்ரோல் உடனே தாராளமாகிவிடவில்லை. ஆகையால் பட்டறையும் சிறிது காலம் நடந்தது. ஆனால் கூப்பனின் அளவு கூடக்கூட முதலாளிகள் கலத்தை இறக்கி வைக்கத் தொடங்கினார்கள். அவர்களைக் குறைசொல்ல ஏது இருக்கிறது? பெட்ரோலில் ஓடினால் கிளீனர் விடியுமுன் வரவேண்டாம்; மேட்டில் பயணிகள் இறங்கித் தள்ளவேண்டாம்; பின்னால் கனத்த கலம் இருந்த இடத்தில் இன்னும் நாலு மூட்டை ஏற்றலாம். கலம் செய்யச் சொல்லி வருவது முதலில் நின்றது. பிறகு பழுதுபார்க்க வருவதும் நின்றது. சிநேகிதர்கள் சிலர், விலையைக் குறைத்துப் பார்க்கலாம், வடநாட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்றெல்லாம் யோசனை சொன்னார்கள். தந்தையார் இசையவில்லை. பாக்கி வரவேண்டிய இடங்களில் வசூல் செய்து, கொடுக்கவேண்டிய கடனைக் கொடுத்துத் தீர்த்து, 'கேஸ் பிளாண்ட் வேலை' என்று எழுதியிருந்த பலகையை அவரே இறக்கினார்.

நின்றுபோன தொழில் என்றால் தோற்றுப்போன தொழில் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். இதை நான் ஒப்பமாட்டேன். அந்த வருஷங்களில் அருப்புக்கோட்டைத் தறிகளுக்கு நூல் வந்துகொண்டிருந்தது. நெய்த சேலை வெளியே போய்க்கொண்டிருந்தது. நோயாளிகள் மதுரை போய்ச் சேர்ந்தார்கள். அதற்காகவே உண்டான சாதனம் அதைச் செய்து முடித்தது. எண்ணெய்க்கு மறுபடியும் முட்டுப்பாடு வந்தபோதெல்லாம் உலகம் இந்த வித்தையைத் தேடிப் போயிருக்கிறது. 1956இல் சூயஸ் கால்வாய்த் தகராறு வந்த பிறகு ஸ்வீடன் அரசாங்கம் தன் வண்டிகளை விறகு வாயுவுக்கு மாற்றும் முறையை மறுபடி ஆராயச் செய்தது. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் விறகையும் விவசாயக் கழிவையும் வாயுவாக்கிக் கிராமங்களுக்கு மின்சாரம் தரும் கலங்களை வகுத்திருக்கிறார்கள். வாயுவைச் சுத்தம் செய்வதும், தார் வராமல் தடுப்பதும், குழலின் முனையைக் காப்பதுமே அங்கும் பெரும் பிரச்னைகள் என்று படித்தபோது, என் தந்தையாரும் அந்தக் குயவரும் குந்தி உட்கார்ந்து விவாதித்ததை இந்த நிபுணர்கள் கேட்டிருந்தால் எவ்வளவு ரசித்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

பட்டறை மூடிய பின்னும் அதில் பழகிய கைகள் சும்மா இருக்கவில்லை. கிணற்றுப் பாசனத்துக்கு ஆயில் எஞ்சின்கள் பரவியபோது, கமலை இறைத்த கரிசல் காட்டுச் சம்சாரிகளுக்கு அவற்றைப் பொருத்தவும் பழுதுபார்க்கவும் ஆள் வேண்டியிருந்தது. பிஸ்டன் தேய்மானத்தை ஒலியைக் கேட்டே சொல்லக்கூடிய பிட்டர்கள் எங்கள் பட்டறையிலிருந்து போனவர்களாக இருந்தார்கள். தந்தையாரும் அந்த வேலையையே தம் இறுதிக் காலம்வரை செய்தார். ரிவெட் அடித்தவர் பந்தல்குடிப் பக்கம் உழவுக் கருவிகள் செய்யப் போனார். கரி சலித்த பெண்களில் சிலர் தாயார் கற்றுக்கொடுத்த கணக்கைக் கொண்டு விறகுக் கடை வைத்தார்கள். குயவரோ, அந்த உமிச் சாம்பல் கலவையைத் தம் சூளைக்கே பூசிக்கொண்டு, பழையபடி பானை வனையப் போய்விட்டார்.